கிணறும் பற்றறியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்யும் மாரி மழையே இந்தப் பிரதேசத்தின் நன்னீருக்கு மூலம். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 தொடக்கம் 1,300 மில்லிமீற்றர் வரை கிடைக்கும் அந்த மழையில் ஒரு பகுதி செம்மண்ணினூடே கசிந்து இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கி, கனத்த கடல்நீரின்மேல் மிதக்கும் ஒரு வில்லையாக நின்று, தை பிறந்தது முதல் புரட்டாதி கழியும் வரை புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் மனிதருக்கும் மாடுகளுக்கும் நீர் தந்துவருகிறது. புத்தூரிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழம் போகப்போக உவர்நீரும் இருப்பதை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆராய்ச்சி எதுவுமின்றியே அந்த உண்மையை அறிந்திருந்த எங்கள் கமக்காரர், துலா மிதித்து இறைத்த காலத்தில், விடியற்காலையில் இத்தனை பட்டை நீர் என்று கணக்கு வைத்து இறைத்து, மத்தியானத்தில் கிணற்றை ஊற விட்டார்கள். இறைப்பு இயந்திரம் வந்து, அந்தக் கணக்குத் தளர்ந்த இடங்களிலெல்லாம் கிணறுகள் உவர்த்துப் போயின. ஒருமுறை உவர்த்த கிணறு இனிக்க எத்தனை மாரி வேண்டும் என்பதை அந்தக் காணிக்காரரைக் கேட்டால் சொல்வார்கள்.

குடாநாட்டின் மின்சாரத்தைப் பற்றி எழுதப் புகுந்தவன் கிணற்றில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. மூன்று மாத மழையை ஒன்பது மாத வெயிலுக்கு வைத்திருந்து வாழ்வதே இந்த மண்ணின் வாழ்க்கை முறையாக இருந்துவந்திருக்கிறது. இன்று சூரிய ஒளியிலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் எடுக்க முற்படும்போது எதிர்ப்படும் பிரச்சினையும், கூர்ந்து பார்த்தால், அதே பிரச்சினைதான். நண்பகலில் வேண்டிய அளவுக்கு மேல் கிடைப்பதை இரவு விளக்குக்கு எப்படி வைத்திருப்பது. வைத்திருந்ததை எந்த அளவோடு எடுப்பது. வைத்திருக்கும் பாத்திரம் கெடாமல் எப்படிக் காப்பது என்ற மூன்று கேள்விகளில் முதலாவதற்கு விஞ்ஞானம் திருப்தியான விடை சொல்லிவிட்டது என்பதும், மற்ற இரண்டுக்கும் விடை சொல்லவேண்டியவர்கள் பெரும்பாலும் நாமே என்பதும் என் துணிபு.

மின்சாரம் இல்லாமல் வாழ்வது எப்படி என்பதை இந்நாட்டில் எங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இருக்க முடியாது. 1990 ஆம் ஆண்டில் யுத்தம் மீண்டும் மூண்டபோது தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட குடாநாடு, இரண்டு தசாப்தங்களுக்கு மேலாக அந்த வலையமைப்போடு இணையாமலே கிடந்தது. அந்தத் தொண்ணூறுகளின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் எட்டாத விலைக்குப் போய்விட, ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மாத்திரம் எண்ணெய் விட்டு, மெல்லிய திரியொன்றை நிறுத்தி ஏற்றிய விளக்கின் வெளிச்சத்தில் ஒரு தலைமுறையே பரீட்சைக்குப் படித்தது. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாக இருந்தது. ஆகையினால், செய்தி கேட்கும் நேரம் வந்தால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலியை இயக்குவோம். சுற்றுகிறவரின் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோர்ந்து அமுங்கும். ‘விடாதே, சுத்து’ என்று திண்ணையிலிருந்து யாராவது சத்தமிடுவார்கள். உற்பத்தியாகும் கணத்திலேயே செலவாகிவிடும் மின்சாரம் எவ்வளவு நிலையற்றது என்பதையும், நடுவே சிறியதொரு சேமிப்பு இருந்தால் அது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பதையும், அந்தக் கை வலி எங்களுக்குப் பாடமாகச் சொல்லித் தந்தது.

யுத்தம் முடிந்தபின் மின்சாரம் வந்தது. வந்த வழி டீசலினதும் உலை எண்ணெயினதும் வழி. சுன்னாகத்தில் 24 மெகாவாற்று வலுவுடைய ‘உத்துரு ஜனனி’ நிலையம் 2013 இல் திறக்கப்பட்டது. அதே காலத்தில் கிளிநொச்சியிலிருந்து சுன்னாகம் வரை இழுக்கப்பட்ட 132 கிலோவோல்ற்றுக் கம்பிவழியால் குடாநாடு மீண்டும் தேசிய வலையமைப்போடு சேர்ந்தது. ஆனால் இவற்றுக்கிடையே, சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது என்ற முறைப்பாடு எழுந்து, வலிகாமத்தின் பல கிராமங்களில் குடிநீருக்காகப் பவுசர் வண்டியை எதிர்பார்த்து மக்கள் வாளிகளோடு நிற்க நேர்ந்தது. மின் உற்பத்தியின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தது சம்பந்தமான வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்காக 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தவேண்டும் என்று பணித்தது. சுண்ணாம்புப் பாறை மழையை எப்படி ஏற்றுக்கொள்கிறதோ அப்படியே எண்ணெயையும் ஏற்றுக்கொள்ளும்; எதையும் அது வடிகட்டித் தடுப்பதில்லை. எரிபொருளை எரித்து மின்சாரம் எடுப்பதன் விலையைப் புகையின் வடிவில் அறிந்த தேசங்கள் பல; கிணற்று நீரின் வடிவில் அறிந்தது எங்கள் தேசம். சூரிய மின்சாரத்தையும் காற்று மின்சாரத்தையும் நான் ஆதரிப்பதற்கு முதற்காரணமும் அந்தக் கிணறுகளே.

அந்த வழியிலும் குடாநாடு சும்மா இருந்துவிடவில்லை. பச்சிலைப்பள்ளியில், பளையை அண்டிய வெளிகளில், தலா 10 மெகாவாற்று வலுவுள்ள இரண்டு காற்றாலைத் தொகுதிகள் 2014 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து சுழன்றுவருகின்றன. ஏ-9 வீதியால் வருபவர்களுக்குப் பனைகளுக்கு மேலே உயர்ந்து தெரியும் அந்த வெள்ளைக் கோபுரங்களே இன்று குடாநாட்டின் முதல் அடையாளம். ஆயினும் காற்றும் வெயிலும் சேமிப்போடு சேர்ந்து ஒரு சமூகத்தின் முழு மின்சாரத்தையும் சுமக்க முயன்ற இடத்தைப் பார்க்கவேண்டுமானால், குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறி அப்பாலுள்ள தீவுகளுக்குப் போகவேண்டும்.

நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் எழுவைதீவும் தேசிய வலையமைப்பின் கம்பிகள் எட்டாத தீவுகள். அங்கு நெடுங்காலமாக எரிந்த ஒவ்வொரு விளக்குக்கும் வேண்டிய டீசல் கடலைக் கடந்து படகில் வந்து, பீப்பாய் பீப்பாயாக இறங்கி, மின்பிறப்பாக்கியில் எரிந்து முடிந்தது. நாடெங்கும் ஒரே கட்டணம் என்பது நியதியாகையால், உற்பத்திச் செலவுக்கும் தீவார் செலுத்தும் பட்டியலுக்கும் இடையிலுள்ள பெரும் வித்தியாசத்தை மின்சார சபை சுமந்தது. சுமப்பவருக்கு வேண்டாவெறுப்பாகவும் பெறுபவருக்குப் போதாததாகவும் இருந்த இந்த ஏற்பாடு, கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாள்களில் எவ்வளவு அபாயத்தில் நின்றது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்நிலையை மாற்றும் முதல் பிரயத்தனம் எழுவைதீவிலே நடந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு, முன்னோடித் திட்டமாக, 46 கிலோவாற்றுச் சூரியப்படல்களும், 21 கிலோவாற்றுக்குச் சிறு காற்றாலைகளும், 110 கிலோவாற்று மணித்தியாலம் கொள்ளும் லித்தியம் அயன் பற்றறித் தொகுதியும், துணைக்கு 30 கிலோவாற்று டீசல் மின்பிறப்பாக்கியும் அங்கே ஒன்றாகப் பிணைக்கப்பட்டன. கிலோவாற்று மணித்தியாலம் என்பது நம் வீட்டு மின்பட்டியலில் ‘அலகு’ என்று அச்சாகும் அதே அளவு. 110 அலகு என்றால், அந்தி சாய்ந்தபின் தீவு முழுவதும் 20 கிலோவாற்று இழுக்குமானால், ஐந்தரை மணித்தியாலம். விளக்கேற்றும் நேரத்திலிருந்து ஊர் அடங்கும் நேரம் வரைக்கும். சிறிய கணக்குத்தான், ஆனால் எழுவைதீவு போன்ற சிறுதீவில் இயந்திரத்தின் இரைச்சல் இல்லாத ஒரு முன்னிரவு என்பது சிறிய விஷயமன்று.

மற்ற மூன்று தீவுகளின் கதை நீளமானது. அத்தீவுகளுக்கான கலப்பு மின் திட்டம் 2021 ஜனவரியில் ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்கு வழங்கப்பட, தமிழ்நாட்டுக் கரைக்கு ஐம்பது கிலோமீற்றருக்குள் கிடக்கும் தீவுகளில் அது நடைபெறுவதை இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டு டிசம்பரில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கரிசனையைக் காரணமாகக் கூறி, திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவும் இலங்கையும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. 2024 மார்ச் 1 ஆம் திகதி, இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடையில் வேலையைச் செய்து முடிக்கப் பெங்களூரைச் சேர்ந்த நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் எழுதப்பட்டது. இரண்டு பெருவல்லரசுகளின் பார்வை நெடுந்தீவின் கல்வேலிகளுக்கு மேலே சந்தித்துக்கொண்ட அந்த மூன்று ஆண்டுகளிலும் தீவுக்கு டீசல் படகிலேதான் வந்தது. தூதரகங்களின் அறிக்கைகளில் அந்தப் படகைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்பதை மன வருத்தத்தோடு இங்கே குறிக்கிறேன்.

அந்த ஒப்பந்தத்தின் அளவுகள் கவனத்துக்குரியன. மூன்று தீவுகளுக்கும் சேர்த்துச் சூரிய வலு 1,700 கிலோவாற்று. காற்று வலு 530 கிலோவாற்று. பற்றறி 2,400 கிலோவாற்று மணித்தியாலம். இவற்றோடு 2,500 கிலோவாற்று டீசல் துணை. குடாநாட்டு வெயிலில் ஒரு கிலோவாற்றுப் படல் நாளொன்றுக்குச் சராசரி நான்கு அலகு தரும் என்று மட்டாக வைத்துக்கொண்டால், 1,700 கிலோவாற்றுத் தருவது 6,800 அலகு. பற்றறி கொள்வது அதில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேல். அதாவது, பகலில் எரிவது பகலிலேயே எரிந்துபோக, மிகுதியில் ஓர் இரவுக்கானதை எடுத்துவைப்பதே இதன் நோக்கம். ஓர் இரவுக்கு, ஒரு வாரத்துக்கன்று, ஒரு மாரிக்குமன்று. இந்த வரையறையை மனத்தில் நன்கு பதித்துக்கொண்டாலொழிய, பற்றறியைப் பற்றிய புகழுரைகளும் கண்டனங்களும் இரண்டுமே நம்மை வழிதவறச் செய்யும்.

ஏனெனில், குடாநாட்டுக் காற்றுக்கும் வெயிலுக்கும் ஒரு முறை உண்டு. மாசியிலிருந்து வெயில் ஏறும். சித்திரையில் காற்று அசையாமல் நிற்க, வெயில் ஒன்றே ஆட்சி செய்யும். வைகாசியில் சோளகம் எழுந்து, பனையோலைகளைச் சலசலக்க வைத்துக்கொண்டு, புரட்டாதி வரை இரவும் பகலும் ஓயாது வீசும். வெயிலும் காற்றும் ஒன்றையொன்று தாங்கும் அந்த ஐந்து மாதங்களும் மின்சாரத்துக்குச் செல்வமான காலம். நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலின் ஆனித் திருவிழா அந்தக் காலத்திலேயே வருவது ஓர் இயற்கைப் பொருத்தம்: ஆயிரக்கணக்கான அடியார்கள் தீவில் தங்கி, மின்சாரத் தேவை ஒரேயடியாக உயரும் அந்த இரவுகளில், சோளகம் காற்றாலையைச் சுழற்றிக்கொண்டிருக்கும். மார்கழி, தை மாதங்களில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டங்களைத் தூக்கும் வாடைக்காற்றும் உதவும். இவற்றுக்கு நடுவே, ஐப்பசி கார்த்திகையில், சோளகம் ஓய்ந்து, வாடை நிலைபெறாமல், முகில் நாள்கணக்கில் கவிந்து நிற்கும் காலமே மெலிவான காலம். மூன்று நாள் தொடர்ந்து மூடம் கட்டினால் எந்தப் பற்றறியும் முதல் இரவோடு தீர்ந்துவிடும். அதற்காகவே 2,500 கிலோவாற்று டீசல் துணை அந்த ஒப்பந்தத்தில் இடம்பெற்றிருக்கிறது. அதைக் கண்டு, ‘பிறகென்ன புதுப்பிக்கத்தக்க மின்சாரம்’ என்று கேட்பது, அடைமழைக்கு ஒதுங்கக் கொட்டில் வைத்திருப்பவனைப் பார்த்து ஏன் வெளியிலே உலாவுகிறாய் என்று கேட்பதைப் போன்றது. டீசலை ஆண்டு முழுவதும் எரிப்பதற்கும் கார்த்திகையில் சில நாள் எரிப்பதற்கும் உள்ள வித்தியாசமே இங்கு நாம் பேசும் பொருள்.

இனிப் பாத்திரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கட்டுரையின் பாரம் இங்கேதான் இருக்கிறது. பற்றறி என்பது இரசாயனப் பொருள். இரசாயன மாற்றங்கள் அனைத்தும் உஷ்ணம் ஏற ஏற விரைவுபடும். வேண்டிய மாற்றம் விரைவுபடுவதோடு, பற்றறியை உள்ளிருந்து அரிக்கும் வேண்டாத மாற்றங்களும் விரைவுபடும். ஈய அமிலப் பற்றறிகளுக்கு அநுபவத்தில் கண்ட ஒரு விதி உண்டு: 25 பாகை செல்சியஸுக்கு மேலே ஒவ்வொரு 10 பாகைக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். எங்கள் வீட்டில் இதை நான் கைப்பட அறிந்தேன். மின்வெட்டுக்காக வாங்கிய பற்றறியொன்றைப் பின்பக்கத்துத் தகரச் சாய்ப்பின் கீழ் வைக்கும்படி பொருத்தவந்தவர் சொல்ல, நானும் இடம் மிச்சம் என்று சம்மதித்தேன். சித்திரை மத்தியானத்தில் அந்தத் தகரத்தின் கீழே கையை நீட்ட முடியாது. வடிநீர் விட விட வற்றியது. முனைகளில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்தது. வெந்நீர் ஊற்றித் துடைத்து வாசலீன் பூசினேன். அடுத்த மாதமே மீண்டும் பூத்தது. ஐந்தாறு வருஷம் உழைக்கவேண்டிய பொருள் மூன்றாம் வருஷத்தில் விளக்கை ஒரு மணித்தியாலமும் தாங்காமல் கைவிட்டது. அதே மாதிரிப் பற்றறியை, கிணற்றடியை அண்டிய, சுண்ணாம்புக் கல்லால் கட்டிய பழைய அறையொன்றில் வைத்திருந்த அயல்வீட்டு அண்ணையிடம் அது இன்னும் உழைக்கிறது. இரண்டு வீட்டுக்கும் இடையே பொருளில் வித்தியாசம் இல்லை; நிழலிலேதான் வித்தியாசம்.

லித்தியம் பற்றறிகள் ஈய அமிலத்தைவிடப் பொறுமை மிக்கவை. அவற்றுள்ளும் இரும்புப் பொஸ்பேற்றைக் கொண்டு செய்யப்படும் வகை, தீப்பற்றும் அபாயம் குறைந்ததாகவும் ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கத் தாங்குவதாகவும் இருப்பதால், வெப்ப தேசங்களுக்கு ஏற்றதாகக் கருதப்படுகிறது. விலையும், 2010 ஆம் ஆண்டளவில் ஒரு கிலோவாற்று மணித்தியாலத்துக்கு ஆயிரம் டொலருக்கு மேல் இருந்தது, 2024 இல் உலகச் சராசரியாக 115 டொலருக்கு இறங்கிவிட்டது. ஆனால் உஷ்ணத்தின் விதிக்கு அவையும் விலக்கல்ல. ஏறத்தாழ 15 பாகைக்கும் 35 பாகைக்கும் இடையே இருக்கும்போதே அவை சுகமாக வேலை செய்கின்றன. அதற்கு மேலே போனால் குளிரூட்டியை ஓட்டவேண்டும். குளிரூட்டியோ, சேமித்த மின்சாரத்திலேயே ஒரு பங்கைத் தனக்கென்று கேட்கும்.

நமக்கு மூத்த அநுபவசாலிகள் பாலைவன நகரங்களில் இருக்கிறார்கள். கோடையில் 45 பாகையையும் தாண்டும் அபுதாபியில், 2019 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 108 மெகாவாற்று வலுவை ஆறு மணித்தியாலம் தரக்கூடிய, 648 மெகாவாற்று மணித்தியாலப் பற்றறித் தொகுதிகளை நகரின் பல இடங்களில் பிரித்து நிறுவினார்கள். அவர்கள் அப்போது தெரிந்தெடுத்தது யப்பானில் செய்த சோடியம்-கந்தகப் பற்றறி. அதன் உள்ளே சோடியமும் கந்தகமும் ஏறத்தாழ 300 பாகையில் உருகிய நிலையில் இருக்கும். உள்ளே அத்தனை உஷ்ணத்தைத் தானே வைத்திருக்கும் பொருளுக்கு வெளியே 45 பாகையென்றாலும் 50 பாகையென்றாலும் பொருட்டில்லை. வெயிலோடு போராடுவதற்குப் பதிலாக வெயில் தொடாத இரசாயனத்தைத் தேடிய அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தமானது. பின்னர் லித்தியத்தின் விலை இறங்க, அவர்களும் அதன் பக்கம் திரும்பினார்கள்: 5,200 மெகாவாற்றுச் சூரியப்படல்களையும் 19,000 மெகாவாற்று மணித்தியாலப் பற்றறிகளையும் இணைத்து, இரவு பகல் பேதமின்றி 1,000 மெகாவாற்றை இடைவிடாது வழங்கும் திட்டமொன்றை 2025 ஜனவரியில் அறிவித்திருக்கிறார்கள். ஆயிரம் மெகாவாற்றுக்கு ஐயாயிரத்து இருநூறு மெகாவாற்றுப் படல் என்ற விகிதத்தைக் கவனித்தால், இரவைப் பகலாக்குவதற்குப் பகலில் எவ்வளவு மிகையாக அறுவடை செய்யவேண்டும் என்பது தெளிவாகும். மாரி முகில் கவியாத பாலைவனத்துக்கே இந்த விகிதம் என்றால், கார்த்திகை மாதத்தையுடைய நமக்குக் கணக்கு இன்னும் கடினமானது.

பாலைவனத்துக்கு இல்லாத வேறொரு சத்துருவும் நமக்கு உண்டு. அபுதாபியும் கடலோர நகரந்தான். ஆயினும் நான்கு புறமும் கடல் சூழ்ந்து, சோளகம் மாதக்கணக்கில் உப்புத் துமியை வாரி இறைக்கும் நெடுந்தீவின் நிலைமை வேறு. அங்கே புதிய சைக்கிள் ஒன்றின் சங்கிலி ஒரு சோளகத்துக்குள் சிவந்துவிடும். கதவின் கீல் இறுகிவிடும். செப்புக் கம்பியின் முனை பச்சையாகிவிடும். பற்றறிக் கொள்கலனின் விசிறிகளும், குளிரூட்டியின் மெல்லிய தகடுகளும், நேர்மாற்றியின் மின்சுற்றுப் பலகைகளும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கவேண்டும். பற்றறிக் கலங்கள் பத்துப் பன்னிரண்டு வருஷம் தாங்கும் என்று உத்தரவாதம் எழுதுவது தொழிற்சாலைக்கு இயலும். இருநூறு ரூபாய் விசிறியொன்று துருப்பிடித்து நின்ற செய்தியை அன்றே கண்டு, அன்றே மாற்றுகிற ஆள் தீவிலே இருக்கிறாரா என்பதே அந்தக் கலங்களின் மெய்யான ஆயுளை நிச்சயிக்கும். தெற்கிலிருந்து பொறியியலாளர் ஒருவர் வந்து, குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருந்து, கடல் இடங்கொடுத்தால் கடந்து சேரும்வரை பற்றறி வெந்துகொண்டிருக்கும். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. அதே அறிவியல்நகரில் ஜேர்மனிய உதவியோடு அமைந்த தொழிற்பயிற்சி நிலையமும் இருக்கிறது. தீவகத்துப் பிள்ளைகளுள், தீவு ஒன்றுக்கு நான்கு பேரையாவது அங்கே பயிற்றி, அவர்களுக்கு நிரந்தரமான உத்தியோகமும் கௌரவமான சம்பளமும் கொடுத்துத் தீவிலேயே இருத்துவது, மேலதிகமாக நூறு அலகுப் பற்றறி வாங்குவதைவிட அதிக மின்சாரத்தைத் தரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சேமிப்பின் தேவை தீவுகளோடு நின்றுவிடவில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்குப் பின், பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் குரங்கொன்றால் ஏற்பட்ட கோளாறு, பருத்தித்துறை தொடக்கம் தெய்வேந்திரமுனை வரை இலங்கை முழுவதையும் மின்சாரமின்றி நிறுத்தியது. குரங்கைப் பற்றிப் பேசித் தீர்த்த பத்திரிகைகள், அந்த வேளையின் விசேஷத்தைப் போதிய அளவு பேசவில்லை: விடுமுறை நாள், தேவை குறைவு, வெயில் மிகுதி, கூரைகளிலிருந்து பாயும் சூரிய மின்சாரம் மொத்தத்தில் பெரும் பங்கு. கனத்த சுழலிகள் ஓடும் வலையமைப்பில் ஒரு கோளாறு நேர்ந்தால், அந்தச் சுழற்சியின் வேகமே சில கணங்கள் தாங்கிப் பிடிக்கும். சுழலிகள் குறைந்த நேரத்தில் அந்தத் தாங்குதல் இல்லை. வினாடியில் சிறு பின்னத்துக்குள் விழித்துக்கொண்டு மின்சாரத்தை உள்ளே ஊற்றவல்ல பற்றறி அந்தக் குறையை நிரப்பும். அவுஸ்திரேலியாவின் தெற்கு மாநிலத்தில், 2016 இல் மாநிலம் முழுவதும் இருண்டபின், 2017 இல் ஹோர்ன்ஸ்டேல் என்னுமிடத்தில் நிறுவிய 100 மெகாவாற்றுப் பற்றறி அதைச் செய்து காட்டியிருக்கிறது. அந்த ஏற்பாடு நமக்கு இல்லாததால், 2025 ஆம் ஆண்டின் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைமேல் படல் வைத்திருப்போர் பிற்பகல் மூன்று மணி வரை அவற்றை நிறுத்திவைக்கவேண்டும் என்று மின்சார சபை வேண்டிக்கொள்ள நேர்ந்தது. வருஷத்திலேயே மிகுந்த வெயில் எறிக்கும் அந்த நாள்களில், கடன்பட்டுப் படல் போட்ட குடும்பங்கள் அதை அணைத்துவைத்தன. அந்த இரவுகளில் எரிந்தது எண்ணெயும் நிலக்கரியும். ஜாம் போத்தலில் சொட்டெண்ணெய் எண்ணி எரித்த ஊரார்க்கு அந்த வீணடிப்பு மனத்தை அறுப்பதாக இருந்தது.

ஆனால் சேமிப்பு என்றவுடன் பற்றறி ஒன்றையே நினைப்பதும் குறைபாடான சிந்தனை. மருதங்கேணிப் பக்கத்திலுள்ள தாளையடியில், கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது; நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரும் அளவுடையது அது. கடல்நீரைச் சவ்வினூடே அழுத்திப் பிரிக்கும் இம்முறைக்குக் கன மீற்றர் ஒன்றுக்கு மூன்று நான்கு அலகு மின்சாரம் பிடிக்கும். அப்படியானால் முழு அளவில் ஓடும் நாளில் 70,000 அலகுக்கு மேல். மூன்று தீவுகளுக்கும் உத்தேசித்த பற்றறிகள் முழுவதும் கொள்வதைப்போல் ஏறத்தாழ முப்பது மடங்கு! இவ்வளவு பெரிய வேலையில் ஒரு பெரும் பகுதியை நண்பகல் வெயிலில் செய்து, நீரைத் தாங்கியில் நிறைத்து வைத்தால், அந்தத் தாங்கியே பற்றறி. சீமெந்துத் தொட்டியில் நிற்கும் நீருக்கு உஷ்ணத்தால் ஆயுள் குறைவதில்லை. ஆயிரம் முறை நிறைத்து வெறுமையாக்கினாலும் தேய்வதில்லை. கடற்றொழிலாளருக்கு வேண்டிய ஐஸ் கட்டியும் அவ்வாறே: மத்தியானத்தில் உறையவைத்து, பின்னேரம் வள்ளத்தில் ஏற்றினால், சூரியன் மீனோடு கரை திரும்பும். தோட்டத்து இறைப்பையும் இரவிலிருந்து பகலுக்கு மாற்றலாம். பகலிலேயே செய்துமுடிக்கக்கூடியவற்றையெல்லாம் பகலுக்குத் தள்ளியபின், தள்ள முடியாத எஞ்சியவற்றுக்கு, அதாவது விளக்குக்கும் விசிறிக்கும் ஆஸ்பத்திரியின் குளிர்சாதனப் பெட்டிக்கும் பிள்ளையின் படிப்புக்கும், பற்றறியை ஒதுக்குவதே முறை. துலாக் காலத்துக் கமக்காரர் கிணற்றில் செய்த கணக்கும் இதுவே. அடிமட்டம் வரை வற்றவைத்த கிணறு உவர்ப்பதைப் போலவே, நாள்தோறும் அடிவரை இறக்கப்பட்ட பற்றறியும் விரைவில் கெடும். ஐந்திலொரு பங்கை எப்போதும் மிச்சம் வைத்து இறைக்கும் பற்றறி நீண்டநாள் உழைக்கும்.

இன்னுமொரு விஷயம் எஞ்சியிருக்கிறது; அதை ஒப்பந்தங்களில் நான் காணவில்லை. எவ்வளவு பேணினாலும், பத்துப் பதினைந்து வருஷத்தில் இந்தப் பற்றறிகள் தீரும். தொன் கணக்கில் எடையுள்ள, நச்சுத் திரவங்களைக் கொண்ட, மறுசுழற்சிக்கு விசேஷமான ஆலை வேண்டிய அந்தப் பெட்டிகள் அப்போது தீவிலே கிடக்கும். வீட்டுப் பற்றறிகளை வாங்கிக்கொண்டுபோகும் பழைய இரும்புக்காரர், ஈயத்துக்காக அவற்றை உடைத்து, அமிலத்தை வேலியோரத்தில் ஊற்றுவதைக் குடாநாட்டில் பலர் கண்டிருக்கிறார்கள். வேலியோரத்தின் கீழே இருப்பதும் அதே சுண்ணாம்புப் பாறைதான். தீவுகளில் அந்தப் பாறையின்மேல் நிற்கும் நன்னீர் வில்லை இன்னும் மெல்லியது, கிணறுகள் இன்னும் ஆழம் குறைந்தவை. சுன்னாகத்து எண்ணெய் எப்போது இறங்கத் தொடங்கியது என்று இன்றைக்கும் யாரும் நாள் குறித்துச் சொல்ல முடியாது. வாளியில் மணத்த பிறகே ஊர் அறிந்தது. ஆகவே, குறிகட்டுவானிலிருந்து பற்றறிகளை ஏற்றிச்செல்லும் படகின் கூலியைக் கணக்கிட்டு எழுதும்போது, தீர்ந்தவற்றை ஏற்றிக்கொண்டு திரும்பும் படகின் கூலியையும் அதே தாளில், அடுத்த வரியில் எழுதி, அதற்குரிய பணத்தை இன்றே ஒதுக்கிவைக்கவேண்டுமென்று, இதற்குப் பொறுப்பானவர்களைத் தீவகத்துக் கிணறுகளின் பேரால் கேட்டுக்கொள்கிறேன்.